தனிக் கிணறும் தெருப் பாவும்

பட்டுப் பாவு நீட்ட ஒரு தெரு வேண்டும். வீட்டுக்குள் அது ஆகாது. பாவு என்பது சேலையின் நீளவாக்கு இழை. மூன்று சேலைக்கான பாவு என்றால் நான்கைந்து வீட்டு வாசலைக் கடந்து ஓடும். ஆரணியில் எங்கள் தெருவில் விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முன்பே இரண்டு முனையையும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். நடுநடுவே மூங்கில் கவைகளை ஊன்றிப் பாவைத் தாங்க வைப்பார்கள். பிறகு நீர்க்கக் கரைத்த அரிசிக் கஞ்சியை அதன் மேல் தடவி, இழை இழையாகப் பிரித்துவிட்டு, அறுந்ததைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் சைக்கிளில் வருகிறவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். எந்த வீட்டுப் பாவு என்று யாரும் கேட்பதில்லை. தூறல் விழுந்தால் அடுப்பில் கொதிக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஓடி வருவார்கள். நனைந்த பாவு ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் கூலி.

நான் அந்தத் தெருவில் பிறந்தவள். அப்பா குழித்தறியில் நெய்தார், அம்மா குறுக்கிழைக்கான தார் சுற்றினார். நான் நெசவுக்குப் போகவில்லை. பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டு கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். இப்போதும் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் என்னைத் தேடி வருவார்கள்.

அப்படித்தான் சென்ற ஆண்டு பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி ஊர்த் தெரு, இன்னொருத்தி காலனி. இருவரும் ஒரே மகளிர் குழு. சாதி வேறுபாடு இல்லாத பொது மயானம் உள்ள சிற்றூர்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டிருந்தார்கள். 2021-ல் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் நலத் துறை அறிவித்த திட்டம் அது. தங்கள் ஊருக்கும் அதைக் கேட்க வேண்டும், மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

"நாங்க சமமாத்தான் இருக்கறோம்னு பேப்பர்ல எப்பிடிக்கா எழுதுறது?" என்று காலனிப் பெண் கேட்டாள்.

முப்பத்தோரு ஆண்டு கணக்கு எழுதியவளுக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சேலைக்கு எடை உண்டு, ஜரிகைக்கு எடை உண்டு. மனிதர்கள் சேர்ந்து வாழ்வதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்றால் அதை எந்தத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறது? அன்றிரவு முழுக்க, நான் பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கட்டுரை அந்த இரவில் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் பொதுப் பணம் முதலில் போனது பிரித்து வைப்பதற்குத்தான். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் வரலாறு அப்படித்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1920-ஐ ஒட்டி, ஒடுக்கப்பட்டவர்களின் நலனைக் கவனிக்கும் பொறுப்பு லேபர் கமிஷனரிடம் கொடுக்கப்பட்டது. அந்த இலாகா சேரிகளில் கிணறு வெட்டியது, பள்ளிக்கூடம் கட்டியது. 'லேபர் ஸ்கூல்' என்ற பெயரை எங்கள் பெரியவர்கள் எழுபதுகள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது, எழுத்து அறியாதவர்களுக்கு எழுத்து கிடைத்தது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்ப் பொதுக் கிணறு அப்படியே இருக்க, இன்னொரு கிணறு தனியாக வந்தது. தகராறு வராமல் இருக்க அதுவே சுலபமான வழி என்று அதிகாரிகளுக்குத் தோன்றியிருக்கும். சுலபமான வழி எழுபது எண்பது ஆண்டு நிலைத்துவிட்டது.

எதிர்க்குரல் அப்போதே எழுந்தது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் எவரும் நுழையலாம், புழங்கலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. 1938-ல் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா, சமூக இயலாமைகளை நீக்கும் சட்டமாகவே ஆயிற்று. உள்ளாட்சிப் பணத்தில் வெட்டிய கிணற்றில் எல்லோரும் இறைக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் கயிற்றைப் பிடிக்கிற கைக்கு அந்தச் சட்டம் வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதை எங்கள் தெருத் திண்ணையை வைத்தே சொல்ல முடியும்.

எங்கள் வீட்டுக்குத் தார் சுற்ற ஒரு அம்மாள் காலனியிலிருந்து வருவார். ராட்டையைத் திண்ணையின் கீழ்ப் படியில் வைத்துக்கொள்வார். மேல் திண்ணையில் ஏற மாட்டார். எனக்கு அப்போது பத்து வயது, அவருக்கு ஐம்பது இருக்கும். நான் அவரை "வா, போ" என்பேன். அவர் என்னை "வாங்க பாப்பா" என்பார். யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை, யாரும் தடுத்ததாகவும் நினைவில்லை. அவர் சுற்றிய தார் மட்டும் வீட்டுக்குள் போகும், நாடாவுக்குள் ஏறும், பாவுக்குள் ஓடும், சேலையாகும். அந்தச் சேலை கல்யாணத்தில் மணப்பெண்ணின் உடம்பில் இருக்கும். கீழ்ப் படியில் இருந்தவர் கை படாத குறுக்கிழை அதில் ஒன்றுகூட இருக்காது. தூறல் விழுந்தால் பெண்கள் ஓடி வருவார்கள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்தப் பெண்களில் அவர் இல்லை. சாலையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சேலை எங்கள் ஊருக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஆரணிக்குப் பட்டு முதல் அடையாளமாக இருந்ததில்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊர், 1751 டிசம்பரில் கிளைவ் சண்டை போட்ட இடமாகத்தான் வரலாற்றுப் புத்தகங்களில் வரும். மராத்திய ஜாகீர்தார்கள் ஆண்ட கோட்டை ஊர். வீட்டுக்குள் தமிழ், சௌராஷ்டிரம், தெலுங்கு, உருது என்று தெருவுக்குத் தெரு மொழி மாறும். சுற்றுக் கிராமங்களில் தமிழ்ச் சமணர்கள் உண்டு; பூண்டியில் பழைய அருகர் கோயில் இருக்கிறது. நெசவில் ஒரு காலத்தில் ஆரணி மஸ்லினுக்குப் பெயர் இருந்தது, மிக நுண்ணிய பருத்தித் துணி. லங்காஷயர் ஆலைத் துணி வந்து இறங்கிய நூற்றாண்டில் இந்தியாவெங்கும் பருத்தி நெசவு அடிபட்டது. பட்டில் ஆலையால் அவ்வளவு எளிதாகக் கைவைக்க முடியவில்லை. இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காஞ்சிபுரத்தைவிட எடை குறைவாக, விலை குறைவாக, நடுத்தரக் குடும்பம் வாங்கும் சேலை என்பதுதான் அதன் பலம்.

கைத்தறிக்கு அரசாங்கம் பணம் கொடுத்த கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1953. ஆலைத் துணி கஜம் ஒன்றுக்கு மூன்று தம்பிடி கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் ஒதுக்கினார்கள். நாடு முழுக்க ஆலை வேட்டி கட்டியவர் ஒவ்வொருவரும் தன்னை அறியாமல் ஒரு நெசவாளிக்குக் கொஞ்சம் கொடுத்தார். அதே ஆண்டு அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சராக இருந்த ராஜாஜி டெல்லியிடம் வாதாடிக்கொண்டிருந்தார். கோ-ஆப்டெக்ஸ் 1935-லேயே பிறந்துவிட்டது. ஆனால் ஊருக்கு ஊர் நெசவாளர் சங்கம் கிளைத்தது இந்த வரிப் பணத்துக்குப் பிறகுதான்.

அந்தப் பணம் செய்த ஒரு காரியத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சங்கத்தில் சேரப் பங்குத் தொகை கட்ட வேண்டும். பட்டு விலை அதிகம் என்பதால் பட்டு நெசவாளருக்கு அந்தத் தொகையும் அதிகம். அதில் பெரும்பகுதியை அரசாங்கமே கடனாகக் கொடுத்து, கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. கையில் காசில்லாதவரும் உறுப்பினர் ஆனார். முதலாளி வீட்டு வாசலில் பாவுக்காகக் காத்துக் கிடந்தவர், சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து தலைவருக்கு ஓட்டுப் போட்டார். என் அப்பாவின் பங்குச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மடித்த இடங்களில் கிழிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த குடியரசு எங்கள் வீட்டுக்குள் அந்தத் தாளாகத்தான் வந்தது.

சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை உறுப்பினர் பதிவேட்டைத் திரும்ப எழுதுவது. பழையது பூச்சி அரித்துவிட்டது. பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண், தெரு. முதல் நூறு பெயரையும் எழுதி முடித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. தெருப் பெயர் மாறவே இல்லை. திரும்பத் திரும்ப இரண்டு மூன்று தெருக்கள்தான். துணை விதியில் சாதி பற்றி ஒரு சொல் கிடையாது. செயல் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும், தறி வைத்திருக்க வேண்டும், நெய்யத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. வந்தவர்கள் மட்டும் எங்கள் தெருக்காரர்கள்.

எழுபதுகளின் கடைசியில் இது மாறத் தொடங்கியது. பட்டுக்குக் கிராக்கி ஏறியது, தறிகள் நகரத்தை விட்டுச் சுற்றுக் கிராமங்களுக்குப் பரவின. நிலத்தில் வேலை குறைந்த குடும்பங்களில் பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பினார்கள். வன்னியர் பையன்கள் வந்தார்கள். கொஞ்சம் கழித்து ஆதிதிராவிடர் பையன்களும் பெண்களும் வந்தார்கள். வேறு வீட்டில் போய் உட்கார்ந்து பழகி, பிறகு சொந்தமாகத் தறி போட நினைத்தார்கள்.

தார் சுற்றிய அம்மாளின் மருமகள் அப்படிப் பழகியவர். நல்ல கை. புட்டா போட்டால் பின்பக்கம் தொட்டுப் பார்த்தாலும் இழை தட்டாது. அவர் உறுப்பினராக மனுக் கொடுத்தபோது நான்தான் வாங்கி வைத்தேன். நான் வேலை பார்த்த சங்கத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. மனு மூன்று கூட்டம் தள்ளிப்போனது. "சொந்தத் தறி இல்லியே, விதி ஒத்துக்காதே" என்றார்கள். உண்மைதான், அவரிடம் சொந்தத் தறி இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டினார்.

கூரை வீடு. வாசலில் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நடுவில் நான் நிமிர்ந்து நின்றால் கையால் விட்டத்தைத் தொடலாம். குழித்தறிக்குக் கீழே கால் வைக்கக் குழி வேண்டும், மேலே ஜக்கார்டு பெட்டி ஏற்ற உயரம் வேண்டும். பெட்டியிலிருந்து விழுதுக்கு இறங்கும் கயிறுகளுக்கு இடம் இருந்தால்தான் இழை சீராக எழும்பும். அந்த வீட்டில் பெட்டியை ஏற்றினால் கூரையைப் பிய்க்க வேண்டும். குழி வெட்டினால் ஐப்பசியில் தண்ணீர் ஊறி நிற்கும். "மேல எடம் இல்ல, கீழ தண்ணி. நான் தறிய எங்க போடறதுங்க?" என்றார். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அன்றும் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசினார்.

விதிப் புத்தகத்தில் இல்லாத சாதி, கூரையின் உயரத்தில் இருந்தது. எனக்குப் பதிவேட்டின் தெருப் பெயர்கள் அன்றுதான் விளங்கின.

எண்பதுகளில் நெசவாளருக்கு வீட்டோடு தறிக்கூடம் கட்ட மத்திய அரசு மானியம் வந்தது. வீடு கட்டும் திட்டம் என்றுதான் கோப்பில் இருந்தது. தீண்டாமை, நல்லிணக்கம் என்ற சொற்கள் அதில் எங்கும் இல்லை. ஆனால் நான் பார்த்தவரையில் பதிவேட்டில் தெருப் பெயர்களை மாற்றியது அந்தச் செங்கல்லும் சிமெண்டும்தான். உயரமான கூரை கிடைத்தவர்கள் தறி போட்டார்கள், தறி போட்டவர்கள் உறுப்பினர் ஆனார்கள். அந்த மருமகளும் ஆனார். முதல் முறை கூலி வாங்க வந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை, யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "டீ சாப்பிடறீங்களாக்கா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் ஒருவரை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

சேர்ந்து வாழ்வதையே பெயரில் வைத்துப் பணம் ஒதுக்கிய காலம் அதற்குப் பிறகு வந்தது. தென்மாவட்டங்களில் தொண்ணூறுகளின் நடுவில் சாதிக் கலவரங்கள். 1997 ஜூனில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த சிலரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்; தனித் தொகுதியான ஊராட்சிக்குத் தலைவரானது ஒன்றே அவர் செய்த குற்றம். அதே ஆண்டுதான் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். நூறு வீடு, ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சாதிவாரியாகப் பிரிக்காமல் கலந்து ஒதுக்க வேண்டும் என்பது விதி. இப்போது தமிழ்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட சமத்துவபுரங்கள் இருக்கின்றன. சில ஊர்களில் வீடுகள் பூட்டிக் கிடந்ததையும், பராமரிப்பில்லாமல் போனதையும் பத்திரிகைகள் எழுதின. இருந்தாலும் எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் மதிப்பு உண்டு. தனிக் கிணறு வெட்டிய அரசாங்கம் எண்பது ஆண்டு கழித்து முதல் முறையாகச் சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டியது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் கதையும் இதோடு சேர்ந்தது. 1996-ல் தனித் தொகுதி ஆக்கிய நாள் முதல் பத்து ஆண்டு அங்கே தலைவர் பதவிக்கு யாரையும் நிற்க விடவில்லை; வென்றவரையும் ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-ல்தான் தேர்தல் முறையாக நடந்தது. அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து, சமத்துவப் பெருவிழா எடுத்து, ஊர் வளர்ச்சிக்கு நிதியும் கொடுத்தார்கள். ஓட்டுப் போட்டதற்காக ஓர் ஊருக்குப் பரிசா என்று அன்று சிலர் கேட்டார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. பத்து ஆண்டு சாலை இல்லாமல் கிடந்த ஊரில் சாலை வரும்போது, அதை எந்தத் தலைவர் போட்டார் என்று ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்.

எங்கள் ஆரணியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரியும். பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1973 முதல் இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்தார். நெல் வியாபாரம், அரிசி ஆலை, பட்டு, கூலி எல்லாவற்றையும் நாற்பது ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2016-ல் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு புத்தகமே கொண்டுவந்தார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் எங்கள் பட்டு நெசவைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் ஒன்று என் மனசில் நின்றுவிட்டது. இந்தச் சின்ன ஊரில் எத்தனை சங்கங்கள்! வியாபாரச் சங்கம், தொழில் சங்கம், சாதிச் சங்கம். பல சமயம் தொழில் சங்கமும் சாதிச் சங்கமும் ஒன்றாகவே இருக்கும். தன் ஆட்களுக்குத் திருமண மண்டபம் கட்டும், படிக்கிற பிள்ளைக்கு உதவும், பஞ்சாயத்துப் பேசும்.

இதில் எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள் நிறைய. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள், ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். எல்லோருக்கும்தான் ஊற்றுவார்கள். ஆனாலும் அந்தச் சங்கத்தின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கும் என்று பார்க்காமல், 'சமுதாய அமைப்பு' என்ற பெயரைப் பார்த்துப் பொதுப் பணத்தைக் கொடுத்தால், தனிக் கிணறு வெட்டிய பழைய தவறுதான் திரும்ப நடக்கும். இதை நான் உரக்கவே சொல்வேன். நகராட்சியோ ஊராட்சியோ ஒரு குழுவுக்கு ஒற்றுமைக்காகக் காசு தருவதானால், முதலில் அதன் உறுப்பினர் பதிவேட்டைக் கேட்க வேண்டும். தெருப் பெயர்களைப் படிக்க வேண்டும். மூன்று நிமிட வேலை.

ஒற்றுமைக்காக யாருக்குக் காசு தருவது என்ற இதே கேள்வி, எங்கள் மஸ்லினை அடித்த லங்காஷயருக்கும் வந்தது என்பதை அறிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஓல்டாம் ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் பருத்தி நூற்ற ஊர். பர்ன்லி நெசவுக்குப் பேர்போனது. மலை தாண்டி யார்க்ஷயரில் பிராட்ஃபோர்டு, கம்பளி ஊர். ஐம்பது அறுபதுகளில் அந்த ஆலைகளின் இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காமல் பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். வெள்ளைக்காரர் பகலில், இவர்கள் இரவில். ஒரே இயந்திரத்தில் கை வைத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. பிறகு ஆலைகள் மூடின. 2001-ல் மூன்று ஊர்களிலும் அடுத்தடுத்துக் கலவரம் வெடித்தது. அதை விசாரித்த டெட் கான்டில் குழு, ஒரே ஊரில் சந்திக்காத தண்டவாளங்கள் போல மக்கள் வாழ்கிறார்கள் என்று எழுதியது. பள்ளி வேறு, கடை வேறு, தெரு வேறு. அதன் பிறகுதான் அந்த நாட்டு உள்ளூர் மன்றங்கள் எல்லோரையும் சேர்த்து நடத்தும் குழுக்களுக்கு நிதி கொடுப்பதில் தனி அக்கறை காட்டின. விளையாட்டு, சமையல், மொழி வகுப்பு, தோட்டம். இரவு ஷிப்டு என்று படித்ததும் எங்கள் வீட்டுக் கீழ்ப் படி எனக்கு ஞாபகம் வந்தது. ஒரே நூலில் கை வைத்து, வேறு வேறு படியில் உட்கார்ந்திருந்த எங்கள் கதை.

எங்கள் பக்கத்தில் படிகளைக் கலைத்ததில் மகளிர் குழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு தொடங்கி, 1997 வாக்கில் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்க வந்தது. பத்துப் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், வாரச் சேமிப்பு, உள்கடன், பிறகு சுழல்நிதி, வங்கிக் கடன். பெரும்பாலான குழுக்கள் ஒரே தெருப் பெண்களாகத்தான் அமைந்தன; பக்கத்தில் இருப்பவரைத்தானே நம்பிக் கடன் கொடுக்க முடியும். கலந்து அமைந்த குழுக்கள் குறைவு. ஆனால் அமைந்த இடத்தில், இவள் கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும் என்ற பயம் இருவரையும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வைத்தது. பணத்தைக் கேட்கப் போனவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மனு எழுத வந்த அந்த இரண்டு பெண்களும் அப்படிப் பழகியவர்கள்தான். ஒருத்தி பேசத் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருத்தி முடித்தாள்.

மறு வாரம் அவர்கள் ஊருக்குப் போனேன். மயானத்தைப் பார்க்காமல் மனு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆற்றுக்குப் போகும் வழியில் வேலி இல்லாத ஒரே இடம். தகன மேடை ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, ஒரு புங்க மரம். இரண்டு பக்கத்தவரையும் அங்கேதான் எரிக்கிறார்கள், புதைக்கிறார்கள். ஊராட்சித் தீர்மானம்கூட இருந்தது. எழுதிவிடலாம் என்று நினைத்துப் பையைத் திறந்தேன்.

"எந்த வழியா எடுத்துக்கினு வருவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

ஊர்த் தெருப் பெண் தார்ச் சாலையைக் காட்டினாள். அது பிள்ளையார் கோயிலைச் சுற்றி, கடைத் தெரு வழியாக வரும் சாலை. காலனிப் பெண் கையை எதிர்ப்பக்கம் நீட்டினாள். கழனி வரப்பு. நெல் நடவு முடிந்து தண்ணீர் நின்றது.

"அதுல பாடைய எப்பிடிம்மா தூக்கினு வருவாங்க?"

"மூட்டளவு சேத்துல எறங்கிதான்க்கா. போன வருஷம் எங்க மாமியாரைக் கொண்டாந்தப்போ ரெண்டு பேரு வழுக்கி வுழுந்துட்டாங்க."

தோழி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஆண்டு ஒரே குழுவில் கணக்கு எழுதியவர்கள். "நீ சொல்லவே இல்லியேடி" என்றாள்.

"நீ கேக்கவே இல்லியே."

மூவரும் புங்க மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மனுவில் 'அனைத்துச் சமூகத்தினரும் ஒரே பாதையில்' என்று ஒரு வரி வேண்டும். அந்த வரியை இப்போது எழுத முடியாது என்றேன். பணம் கிடைக்காமல் போய்விடுமே என்று ஊர்த் தெருப் பெண் கவலைப்பட்டாள். பிறகு அவளே, அக்டோபர் 2 கிராம சபை வருகிறது, அங்கே பாதையைத் தீர்மானமாக வைக்கலாமா என்று கேட்டாள். யார் எழுந்து கேட்பது என்று கொஞ்ச நேரம் பேச்சு. காலனியிலிருந்து கேட்டால் சண்டை என்பார்கள், தானே கேட்பதாக அவள் சொன்னாள். காலனிப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். "நானும் கூட எந்திரிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்."

தீர்மானத்தின் வாசகத்தை என் நோட்டில் எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்தேன். பத்து லட்சத்துக்கான மனு இன்னும் என் பையில்தான் இருக்கிறது, அந்த ஒரு வரி மட்டும் காலியாக.